இரவல் கொழுப்பு

என் கத்தரிக்கோலால் அவர் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். காயக்கட்டு வெட்டுவதற்கென்றே செய்த கத்தரி அது. முனை மழுங்கலாக, சற்று வளைந்து, தோலைத் தொடாமல் துணிக்கு அடியில் நுழையும். அதைக் கொண்டு ஒரு செருப்புப் பெட்டியைக் கர்ர் கர்ர் என்று அறுத்து, நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் பசை தடவி, ஊதிக் காயவைத்து, அவர் ஓர் உறை செய்துகொண்டிருந்தார். எதற்கு உறை? அவருடைய சொந்தக் கத்தரிக்கோலுக்கு. போன வருடம் வாங்கியது. இன்னும் ஒரு நூலைக்கூட வெட்டாதது. கூர் போய்விடக் கூடாது அல்லவா?

வாசகர்களே, இரவல்காரர் என்ற இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். இல்லாதவர் கேட்டு வாங்குவது வேறு. அது தேவை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நான் சொல்லும் இனத்தாரிடம் எல்லாம் இருக்கும். இருப்பதால்தான் வாங்குவார்கள்.

நான் பார்த்தவர்களில் முதலிடம், என் கத்தரியால் அட்டை வெட்டிய அந்த ஒருநிமிஷத்தம்மாவுக்கு. அந்தப் பெயரை வைத்தது நான் அல்ல, நாலு மாடிக் குடியிருப்பு முழுவதும் சேர்ந்து வைத்தது. "ஒரு நிமிஷம் குடுங்க" என்று சொல்லித்தான் அவர் கதவைத் தட்டுவார். அந்த நிமிஷம் முடிந்து பார்த்தவர் யாருமில்லை. அறுபத்து நாலு வயது. அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவரைக் குளிப்பாட்டுவதும், திருப்பிப் படுக்கவைப்பதும், பிடித்து நடக்கவைப்பதும் என் வேலை. பயிற்சி எடுத்து முப்பத்தெட்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறுக்குத் திரும்புவேன். இடைப்பட்ட பத்து மணி நேரமும் என் பையில் இருப்பதெல்லாம் 'நம்ம' சாமான்.

இந்த 'நம்ம'வைக் கவனியுங்கள். அதுதான் இனத்தின் அடையாளம். "உங்க ஏணியைக் குடுங்க" என்று சாதாரண மனிதர் கேட்பார். இரவல்காரர் கேட்பதில்லை. "நம்ம ஏணி எங்க இருக்கு?" என்றபடி உள்ளே வந்துவிடுவார். எதிர்வீட்டு வாத்தியாரின் ஏணி அப்படித்தான் இடம் பெயர்ந்தது. ஏழு மாதம் கழித்து வாத்தியார் விளக்கு மாற்றுவதற்காகத் தன் ஏணியைத் தானே கேட்டு வந்து நின்றார்.

"எடுத்துட்டுப் போங்க சார். பாத்து ஏறுங்க, ஒரு கால் ஆடுது. நாளைக்கே கொண்டாந்துடணும், சரியா? நிறைய பேரு வாங்கிட்டுப் போய் வச்சுக்கறாங்க."

வாத்தியார் மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று வேறு சொன்னார்.

அவருடைய சொந்தச் சாமான்கள்? உண்டு. அலமாரியின் உச்சியில் இஸ்திரிப் பெட்டி, வாங்கிய அட்டைப் பெட்டிக்குள், சுற்றிய ஒட்டுநாடா பிரியாமல், ஆறு வருடமாக. கதவுக்குப் பின்னால் குடை, கைப்பிடியில் கடைக்காரன் போட்ட பாலிதீனோடு. மூலையில் தையல் இயந்திரம், உறைக்கு மேல் உறை. மழை வந்தால் கீழ்வீட்டுக் குடை. துணி கசங்கினால் பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டி. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன்.

"சிஸ்டர், நம்மது தேஞ்சு போச்சுன்னா நமக்குத்தானே நஷ்டம்?" என்றார். நான் அவர் கணவரின் நகத்தை வெட்டப் போனேன்.

ஆனால் எடுத்து மூடி வைக்க முடியாத சொந்தப் பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. முகம். அதற்கு அட்டைப் பெட்டி கிடையாது. அறுபத்து நாலு வருடமும் நேரடியாக உபயோகத்தில் இருந்த ஒரே சாமான் அதுதான். அது தேய்ந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நாள் தெரிந்தது. கல்லூரியில் கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஐந்து மாதத்தில் ஓரிடத்தில் கூடப்போவதாகக் கடிதம் வந்த நாள் அது.

தோல் மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப் போனார். கணவருக்காக அமர்த்திய என்னை, கணவரிடமிருந்து "ஒரு நிமிஷம்" இரவல் வாங்கிக்கொண்டார். வரவேற்பறையில் படிவம் நிரப்ப ஒரு பேனா கொடுத்தார்கள். அந்தப் பேனா இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா?

டாக்டர் நாற்பது வயதுப் பெண். நிதானமாகப் பேசினார்.

"உங்க வயித்துல மெல்லிசா ஒரு குழாய் விட்டு கொஞ்சம் கொழுப்பு எடுப்போம்மா. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுடுவோம். கொழுப்புல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. அதைப் பிரிச்சு எங்க லேப்ல வளர்த்து, போதுமான அளவு ஆனதும் உங்க முகத்துல ஊசியால போடுவோம். தோல் கொஞ்சம் கெட்டியாகும். சுருக்கம் கொஞ்சம் குறையலாம்."

"எவ்வளவு கொஞ்சம்?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம்" என்றார் டாக்டர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எவ்வளவு நாளாகும்?" இது ஒருநிமிஷத்தம்மா.

"அங்கதான் வயசு வருது. கொழுப்பு எந்த வயசுக்காரங்களோடதுன்னு பாக்கணும். எங்க லேப்ல பாத்தவரைக்கும், எடுக்கிற அன்னைக்குக் கிடைக்கிற செல் எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இல்ல. வளர்றதுலதான் வித்தியாசம். முப்பது வயசுக்குள்ள இருக்கிறவங்களோடது பத்து நாள்ல தட்டு நிறைஞ்சிடும். உங்க வயசுல இருபது, இருபத்தஞ்சு நாள் ஆகும். வளர்ந்த பிறகும் அதே சுறுசுறுப்பு இருக்கும்னு சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும்மா. மெதுவா வந்தாலும் வந்துடும்."

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? எனக்கு எழுபது. மூன்றாவது மாடிக்கு ஏற முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஏறிவிடுகிறேன். ஆனால் ஒருநிமிஷத்தம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு செய்தி: தன்னிடம் இருப்பதைவிட நல்லது வேறு யாரிடமோ இருக்கிறது.

திரும்பும் வழியில், வண்டியில், அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், உங்களுக்கு வயசு என்ன?"

"எழுபது."

என் இடுப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கணவருக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச்சு வரும். அவர் இடது கையால் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"என்... வயித்துல... எடு."

"உங்களுக்கு எழுபத்தொண்ணு. அதை வாங்கி நான் என்ன பண்றது?"

கணவர் பாதி முகத்தால் சிரித்தார். நாற்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் மனைவி அவரிடமிருந்து வேண்டாம் என்று சொன்ன முதல் பொருள் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஒருநிமிஷத்தம்மாவின் தங்கை மகள், வேலை முடிந்து வந்தாள். இருபத்தாறு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்தும் வேலை. வேலை நிரந்தரமாகும் வரை பெரியம்மா வீட்டில் இருக்கட்டும் என்று தாய் அனுப்பிவைத்து எட்டு மாதம் ஆகிறது. கூடத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டில். காலையில் கடைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடி, அவர்கள் முகம் சுளிப்பதற்குள் தேய்த்துக்கொண்டு வருவாள். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல ஓர் உடம்பு.

ஒருநிமிஷத்தம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஏணியைப் பார்த்த அதே கண்.

"சாப்பிட்டியா கண்ணு?"

எட்டு மாதத்தில் முதல்முறை. கணவர் என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பமானது. காலையில் ஒரு டம்ளர் பால், இரண்டு அவித்த முட்டை, வாழைப்பழம். மாலையில் மறுபடியும் பால். முட்டையை உரித்து, உப்புத் தூவி, கையிலேயே கொடுத்தார். ஒருநிமிஷத்தம்மா ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கவே இரண்டாம் மாடிக்காரர் ஒரு பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டுப் போனார். வந்தவரிடம் "நம்ம வீட்டுல பால் மிச்சம் இருந்தா ஒரு டம்ளர்..." என்று ஒருநிமிஷத்தம்மா ஆரம்பித்தபிறகுதான் மாடிக்காரருக்கு நிம்மதி. ஆம், பால் இரண்டாம் மாடியிலிருந்து வந்தது. முட்டை கீழ்வீடு. பழம் எதிர்வீட்டு வாத்தியார். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஏறிய சதை முழுவதுமே குடியிருப்பின் இரவல்தான்.

வாரம் ஒருமுறை என் அளவு நாடா அந்த இடுப்பைச் சுற்றியது. "உனக்கு ஒரு நல்ல சட்டை தைக்கணும் கண்ணு" என்று காரணம். தையல் இயந்திரத்தின் உறை அசையவில்லை.

இதுவரை சிரித்திருப்பீர்கள். இனிமேல்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் நம்பிவிட்டாள். ஒரு நாள் பின்பக்கத்தில் நின்று தாயிடம் தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. "முட்டையை உரிச்சுக் கையில குடுக்கிறாங்கம்மா. நீ வீணா பயந்த. நம்ம பொண்ணு நம்ம பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க." அடுத்த வாரம் கடையிலிருந்து பெரியம்மாவுக்குப் புதுச் சட்டத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி செய்துகொண்டு வந்தாள். பெரியம்மா வாங்கி, மகிழ்ந்து, உறைக்குள் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டார்.

சொல்லலாமா, வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. படுக்கைப்புண் வரும் என்று தெரிந்தால் அன்றே திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பெரியவரைத் திருப்ப அவளைக் கை கொடுக்கச் சொன்னேன். அவள் தோள் பக்கம், நான் இடுப்புப் பக்கம். திருப்பிக்கொண்டே டாக்டர் சொன்னதையும், வண்டியில் விரல்விட்டு எண்ணியதையும் சொன்னேன்.

அவள் கையை எடுக்கவில்லை. பெரியவரின் தலையணையைச் சரிசெய்தாள். தட்டில் பாதி முட்டை இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கினாள்.

"எவ்வளவு வேணுமாம் சிஸ்டர்?"

"ரெண்டு மூணு கரண்டி இருக்கும்."

"திருப்பிக் குடுப்பாங்களா?"

கட்டிலிலிருந்து பெரியவர் குலுங்கினார். சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சிரிக்காதீங்க பெரியப்பா" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "கேக்கட்டும் சிஸ்டர். வாயைத் திறந்து, இப்படி இப்படி, உன்னோடது வேணும்னு ஒரு தடவை கேக்கட்டும். அப்ப பாத்துக்கலாம். ஆனா வேண்டாம்னு சொன்னா முட்டை நின்னுடும், இல்ல?" என்றாள்.

முட்டையைப் பற்றி அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கேட்பார் என்று இரண்டு வாரம் பார்த்தாள். உங்களுக்கு இனத்தின் குணம் இதற்குள் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. குறித்த நாளில், "ஒரு நிமிஷம் என்கூட வா கண்ணு, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். அவ்வளவுதான் அழைப்பு. இரத்தப் பரிசோதனை, படிவம், நேரம் எல்லாம் ஒருநிமிஷத்தம்மாவின் பெயரில் ஏற்கெனவே தயார். நானும் போனேன். பையில் வயிற்றுப் பட்டியும் எடுத்துக்கொண்டேன். யாராவது ஒருவருக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

டாக்டர் முன்னால் அவர் அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இவ நம்ம பொண்ணு டாக்டர். இருபத்தாறு வயசு. ரெண்டு மாசமா பாலும் முட்டையுமா நானே கவனிச்சேன். நாலு கிலோ ஏறியிருக்கா. எடுத்துக்கலாம்."

"யாருக்கு எடுக்கணும்?"

"எனக்குத்தான்."

டாக்டர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"அம்மா, இங்க அவங்கவங்களோடதை எடுத்து அவங்கவங்களுக்குத்தான் போடுறோம். அடுத்தவங்களோடதை நாங்க தொடுறதே இல்ல."

"அடுத்தவங்க இல்ல டாக்டர். தங்கச்சி பொண்ணு."

"தங்கச்சி பொண்ணாவே இருக்கட்டும்."

"வயசு முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். உங்களோடதுக்கு நாள் அதிகமாகும்னு சொன்னேன். வேற யாரோடதாவது கொண்டாங்கன்னு சொல்லல." டாக்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட கேட்டாங்களாம்மா?"

"கேக்கல டாக்டர்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கடையில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது போல இருந்தது. "எங்க வீட்ல கேக்கிற பழக்கம் இல்ல. எடுத்துட்டு அப்புறம் சொல்லுவாங்க."

"நம்ம பொண்ணுதானேடி, கேக்கணுமா?" என்றார் ஒருநிமிஷத்தம்மா. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். இந்த இனத்தில் கெட்டவர்கள் குறைவு. அதுதான் கஷ்டம்.

"நம்ம பொண்ணுன்னா சரி பெரியம்மா. அப்ப நம்ம அயர்ன் பாக்ஸ் எதுக்கு நான் வந்த பத்து மாசமா மேலயே உக்காந்திருக்கு? நான் ஏன் தினமும் பக்கத்து வீட்டு வாசல்ல கோட்டோட நிக்கணும்? உங்ககிட்ட இருக்கிறது உங்களோடது, என்கிட்ட இருக்கிறது நம்மளோடதா?"

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வரவேற்பறையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஒருநிமிஷத்தம்மா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் வேறு போக்கிடம் இல்லாமல் தன் வயிற்றைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தச் சரக்கைத் தவிர வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை. இந்த நேரத்தை விட்டால் கல்லூரிக் கூட்டத்துக்கு முன் வேறு நேரம் கிடையாது.

"என்னோடதையே எடுங்க" என்றார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பவரின் குரல்.

எல்லாம் முக்கால் மணியில் முடிந்தது. சக்கர நாற்காலியில் வெளியே வந்தவர் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியது அல்ல.

"என்னோடதை எப்ப திருப்பித் தருவீங்க?"

"செல் வளர்ந்ததும் போடுவோம்மா. ஒரு இருபத்தஞ்சு நாள்."

"அவ்வளவு நாளா? மீதிக் கொழுப்பு என்ன ஆகும்? வேற யாருக்கும் குடுத்துட மாட்டீங்களே? டப்பாவுல என் பேரை எழுதினீங்களா? பெரிய எழுத்துல எழுதினீங்களா?"

வழியெல்லாம் இதே பேச்சு. "ஜனங்க இப்பல்லாம் வாங்கிட்டுப் போனா திருப்பித் தர்றதே இல்ல சிஸ்டர்." நான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தேன். சிரித்தால் வண்டி குலுங்கும். அவருக்குத் தையல் இழுக்கும்.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்குமுன் ஒரு சின்ன உபகாரம் செய்யுங்கள். கையில் இருக்கும் இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேல் ஓரத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறதா? அது உங்கள் பெயர்தானா? "ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தர்றேன்" என்று சொல்லி எத்தனை மாதம் ஆகிறது? உங்கள் அலமாரியில் நீங்கள் வாங்கிய புத்தகம் ஒன்று பாலிதீன் பிரிக்காமல் இருக்குமே? நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இதை எழுதுவது வாத்தியாரின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான். என்னுடையது உள்ளே பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் காலை நான் போனபோது ஒருநிமிஷத்தம்மா வயிற்றுப் பட்டியோடு மல்லாந்து படுத்திருந்தார். எழுந்திருக்கக் கூடாது என்பது என் உத்தரவு. உரித்துக் கொடுக்க ஆள் இல்லாததால் முட்டைத் தட்டும் காலி. தங்கை மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை அட்டைப் பெட்டியோடு இறக்கினாள்.

"என்னடி பண்ற?"

"ஒரு நிமிஷம் பெரியம்மா."

கட்டிலில் பெரியவர் குலுங்கினார். அவள் என் பக்கம் கையை நீட்டி, "சிஸ்டர், உங்க கத்தரியைத் தர்றீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தேன். ஆறு வருட ஒட்டுநாடா கர்ர் என்று பிரிந்தது.

"கிழிக்காம எடு! அட்டை வேணும்!" என்று படுக்கையிலிருந்து சத்தம் வந்தது. எடுக்காதே என்று வரவில்லை.

அவள் கோட்டைத் தேய்த்து மாட்டிக்கொண்டாள். பெட்டி ஆறுவதற்குள் இரண்டு முட்டை அவித்து, ஒன்றைத் தான் தின்று, இன்னொன்றை உரித்து உப்புத் தூவிப் பெரியம்மாவின் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. அடுத்த தடவைக்கு ஆகும்."

பிறகு என் கத்தரியின் அலகில் ஒட்டியிருந்த பசையைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.